நினைவகம் நிரம்பியவிடத்துச் செய்வது யாது?

கொள்கலம் எதுவாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை வந்துற்ற காலத்து எதனைக் காப்பது, எதனை விடுவது என முன்னரே எண்ணி வைத்தோர் இடர்ப்படார். வெள்ளம் வந்தபின் எண்ணத் தொடங்குவோர் காக்கத்தக்கதனையும் இழப்பர். காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகளை அமைத்த நம் முன்னோர் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தனர். கரையை எழுப்பியபோதே, மிகுநீர் வழிந்தோடுதற்குரிய கலங்கலையும் அவர் உடனமைத்தனர். மேலேரி நிறைந்து வழியும் நீர் கால் வழியே கீழேரியைச் சென்றடையும். கலங்கல் இல்லாத ஏரி நிறைந்தால் கரை உடையும். நீரும் போம், பயிரும் போம்.

இவ்வேரிகள் சூழ்ந்த நிலப்பகுதியிலேயே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்னும் ஊர்களை அடுத்து வல்லம் வடகால் உள்ளது. அவ்வூர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கால்’ என்னுஞ் சொல் நீர் செல்லும் வாய்க்காலையும் குறிப்பதாம். இன்று அவ்விடம் சிப்காட் தொழிற்பூங்காவாக விளங்குகின்றது. இத்தொழிற்பகுதியில் நோக்கியா நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை கைப்பேசிகள் செய்தனர். டெல் நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டு கணினித் தொழிற்சாலை தொடங்கினர். பாக்ஸ்கான் தொழிற்சாலையில் 2019ஆம் ஆண்டு முதல் ஐபோன்கள் பொருத்தப்பெற்று வருகின்றன. அத்தொழிற்சாலையிற் பணிபுரியும் மகளிர் 18,720 பேர் தங்குதற்கென வல்லம் வடகாலில் எழுப்பிய பெருவிடுதி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் திறக்கப்பெற்றது. அம்மகளிர் கைப்பட்டு வெளிவரும் ஒவ்வொரு கருவியினுள்ளும் ஒரு சிற்றேரி உண்டு எனலாம். அஃதே நினைவகம். அது நிரம்பியவிடத்துக் கருவியை ஆளும் இயங்குதளம் யாது செய்கின்றது என்பதனை இக்கட்டுரையிற் சுருங்க ஆராய்வாம்.

நினைவகமும் சேமிப்பகமும்

கணினியில் இருவகை வைப்பிடங்கள் உள. ஒன்று ‘ராம்’ என வழங்கும் நினைவகம். மற்றொன்று படங்களும் எழுத்துக்களும் நெடுநாள் தங்கும் சேமிப்பகம். கணினி ஒரு வேலையைச் செய்யுங்கால் அதற்கு வேண்டுவனவற்றைச் சேமிப்பகத்தினின்று நினைவகத்திற்குக் கொண்டுவந்தே செய்தல் வேண்டும். மாணவன் நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துத் தன் மேசைமேல் விரித்து வைத்துப் படித்தலை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். மேசை சிறிது, நூலகம் பெரிது.

இவ்விரண்டிற்கும் உள்ள விரைவு வேற்றுமை சாலப் பெரிது. நினைவகத்தினின்று ஒன்றைப் பெறுதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு போதும். பழைய சுழலும் வட்டிலிற் பெறுதற்கு நொடியில் நூற்றில் ஒரு பங்கு ஆகும். அஃதாவது நினைவகத்தினும் இலட்சம் மடங்கு தாழ்ச்சி. இக்காலத்து ஃபிளாஷ் சேமிப்பகமும் நினைவகத்தினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மெல்லிது. மேலும் மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளன யாவும் அழியும். சேமிப்பகத்தில் உள்ளன அழியா. இவ்வேற்றுமையே பின்வரும் செய்திகட்கெல்லாம் அடிப்படை.

பக்கங்களும் பதிவேடும்

நினைவகம் சமனான சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கூற்றையும் ‘பக்கம்’ என்ப. பல கணினிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4,096 பைட். ஐபோனில் 16,384 பைட். தமிழ் பயில்வோர்க்கு இவ்வளவு விளங்குமாறு ஒரு கணக்குக் கூறுவாம். யூனிகோடு எழுத்துமுறையிற் புள்ளியும், உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படும். எனவே ‘வல்லம்’ என்னுஞ் சொல்லுக்குக் குறிகள் 6. ‘வடகால்’ என்பதற்கும் 6. யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் ஒரு தமிழ்க்குறிக்கு 3 பைட் வேண்டும், இடைவெளிக்கு 1. ஆகவே ‘வல்லம் வடகால்’ என்னும் பெயர் 37 பைட் இடங்கொள்ளும். 4,096 பைட் கொண்ட ஒரு பக்கத்தில் அப்பெயரை 110 முறை எழுதலாம்.

இனி, ஒரு நிரல் தனக்குரிய பக்கங்கள் யாண்டுள்ளன என்பதனைத் தானே அறியாது. மேற்கூறிய விடுதி போன்றதொரு பெருவிடுதியில் ஒருவரைக் காணச் செல்வோர் எல்லா அறைகளையும் தட்டிப் பார்ப்பதில்லை. வாயிலில் உள்ள பதிவேட்டைக் கேட்டறிவர். அவ்வாறே இயங்குதளமும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பதிவேடு வைத்துள்ளது. ‘இப்பக்கம் இவ்வறையில் உளது’ என்றோ, ‘இப்பக்கம் இப்போது வெளியே உளது’ என்றோ அதிற் குறிப்பிருக்கும். வெளியே உள்ளதாயின் நிரலைச் சிறிது நிறுத்தி, அப்பக்கத்தைச் சேமிப்பகத்தினின்று வருவித்து, மீளவும் நிரலைத் தொடரச் செய்யும். நிரலுக்கோ இடையில் நிகழ்ந்தது யாதும் தெரியாது.

இம்முறையை முதன்முதற் செயலிற் காட்டியது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் என்பாரும் அவர் குழுவினரும் ஆக்கிய அட்லஸ் கணினியாகும். அஃது 1962ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்றது. அதன் விரைந்த நினைவகம் 16,384 சொற்களே கொள்ளும். சுழலும் உருளையில் 98,304 சொற்கள் கொள்ளும். இவ்விரண்டையும் ஒரே பெருநினைவகம்போல நிரலெழுதுவோர்க்குத் தோற்றுவித்ததே அக்கணினியின் அருமை. சிறிய மேசையைப் பெரிய மேசைபோலக் காட்டும் இவ்வுத்தி இன்று நம் கைப்பேசி வரை வந்துளது.

இருப்பதினும் மிகுதியாக வாக்களித்தல்

நிரல்கள் தமக்கு வேண்டுவதினும் மிகுதியாகவே நினைவகம் கேட்பது வழக்கம். கேட்டதனை முழுதும் பயன்படுத்துவனவோ சில. இதனை அறிந்த லினக்ஸ் இயங்குதளம், இடத்தை உடனே ஒதுக்காமல், ‘தருவேன்’ என்று வாக்கு மட்டும் கொடுக்கும். நிரல் அவ்விடத்தில் முதன்முதல் எழுதும்போதுதான் மெய்யாகவே ஒரு பக்கத்தை அளிக்கும். இவ்வாறு கையிருப்பினும் மிகுதியாக வாக்களித்தலால் ஒரே கருவியிற் பல நிரல்கள் இயங்க முடிகின்றது. ஆயினும் வாக்குப் பெற்றோர் அனைவரும் ஒரே நேரத்திற் கேட்டுவந்து நிற்பின், வங்கியில் வைப்பாளர் யாவரும் ஒரே நாளிற் பணங்கேட்டாற்போன்ற நெருக்கடி உண்டாகும்.

விண்டோஸ் இயங்குதளம் வேறு நெறியினது. தான் தரவியலும் எல்லைக்கு மேல் அது வாக்களியாது. எல்லை கடந்து கேட்கும் நிரலுக்கு ‘இல்லை’ என்று அப்போதே விடை கூறிவிடும். லினக்சையும் அவ்வாறு நடக்கும்படி அமைக்கலாம். முன்னதில் நெகிழ்ச்சி மிகுதி. பின்னதில் உறுதி மிகுதி.

விடுதலின் வரிசை

நினைவகம் நிரம்பத் தொடங்கியதும் இயங்குதளம் ஒரு வரிசைப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கின்றது. அவ்வரிசையின் உட்பொருள் ஒன்றே: மீளப்பெறக் கூடியதனை முதலில் விடுக, மீளப்பெற இயலாததனை இறுதிவரை காக்க.

முதலில் விடப்படுவன, சேமிப்பகத்தில் மாறாத படி உள்ள பக்கங்கள். நிரலின் கட்டளைகளும், படித்துவிட்ட கோப்புக்களும் இவ்வகையின. நூலகத்தில் உள்ள நூலை மேசையினின்று அகற்றுதற்கு அஞ்சவேண்டுவதில்லை; வேண்டும்போது மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கோப்பினின்று வந்து, மாற்றமுற்று, இன்னும் சேமிப்பகத்தில் எழுதப்படாத பக்கங்கள். இவற்றை முதலில் எழுதிவைத்தல் வேண்டும். அதன் பின்னரே விடலாம்.

மூன்றாவதாக, கோப்பொன்றும் இல்லாமல் நிரல் தானே ஆக்கிக்கொண்ட பக்கங்கள். இவற்றிற்கு வேறு படி இல்லை. ஆகலின் அவற்றைச் சுருக்கி நினைவகத்திலேயே சிறிதிடத்தில் வைக்கலாம். அன்றிச் சேமிப்பகத்தில் ‘ஸ்வாப்’ எனப்படும் தனியிடத்திற்குப் பெயர்க்கலாம். ஆப்பிள் நிறுவனத்தார் தம் கணினிகளிற் சுருக்கும் முறையை 2013ஆம் ஆண்டு கொணர்ந்தனர். லினக்சில் ‘இசட்ராம்’ என்னும் அத்தகைய ஏற்பாடு 2014ஆம் ஆண்டு நிலைபெற்றது. கைப்பேசியின் ஃபிளாஷ் சேமிப்பகம் எழுத எழுதத் தேயும் இயல்பினதாதலின், ஆண்டுப் பெயர்த்தெழுதுவதினும் சுருக்கி வைப்பதே பெரிதும் விரும்பப்படும்.

எப்பக்கத்தை முதலில் வெளியேற்றுவது என்பது மற்றொரு வினா. இனி நெடுங்காலம் வேண்டப்படாத பக்கம் எதுவோ அதனை விடுதலே மிகச் சிறந்தது என லாஸ்லோ பெலாடி என்பார் 1966ஆம் ஆண்டு விளக்கினார். ஆனால் எதிர்காலத்தை அறிவார் யார்? ஆதலின் கடந்தகாலத்தைக் கொண்டே எதிர்காலத்தை உய்த்துணர வேண்டியுள்ளது. நெடுநேரம் தொடப்படாத பக்கம் இனியும் தொடப்படாது எனக் கொண்டு அதனையே இயங்குதளம் வெளியேற்றுகின்றது. இக்கணிப்புப் பெரும்பாலும் பலிக்கும், சிலபோது பொய்க்கும்.

அலைந்தும் பயனின்மை

இத்துணை ஏற்பாடுகளும் ஓரளவிற்கே உதவும். இயங்கும் நிரல்கள் அனைத்திற்கும் ஒரே காலத்து இன்றியமையாத பக்கங்களின் தொகை நினைவகத்தினும் மிகுமாயின், ஒரு பக்கத்தை வெளியேற்றிய அக்கணமே அது மீண்டும் வேண்டப்படும். அதனைக் கொணர மற்றொன்றை வெளியேற்றினால் அதுவும் உடனே வேண்டப்படும். கணினி முழுநேரமும் பக்கங்களைச் சுமந்து திரியுமேயன்றி வேலை யாதும் நடவாது. திரை உறைந்ததுபோல் நிற்கும். விரல் வைத்தாலும் விடையிராது. இந்நிலையை ‘த்ராஷிங்’ என வழங்குவர்.

பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் 1968ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து, இதற்கு மருந்து ஒன்றே என்று காட்டினார். ஒரு நிரல் அண்மைக்காலத்துத் தொட்ட பக்கங்களின் தொகுதியே அதன் உண்மைத் தேவை. எல்லா நிரல்களின் தேவையும் ஒருங்கே அடங்காதாயின், ஒருசில நிரல்களை நிறுத்திவைத்து எஞ்சியவற்றை நன்கு இயங்க விடுதலே முறை. அனைவர்க்கும் அரைவயிறு அளித்து ஒருவரும் உழைக்கமாட்டாதபடி செய்வதினும், சிலரைச் சற்றே காத்திருக்கச் செய்வது நலம் என்பது இதன் கருத்து.

இறுதிச் செயல்

விடக்கூடியன யாவும் விட்ட பின்னரும் இடம் போதாதாயின், இயங்குதளம் யாதானும் ஒரு நிரலை நிறுத்தியே தீரவேண்டும். அன்றேல் கருவி முழுதும் நின்று, எல்லா நிரல்களும் ஒருங்கே அழியும். லினக்ஸ் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு மதிப்பெண் இடுகின்றது. மிகுதியாக நினைவகம் கொண்டது எதுவோ அதற்கே பெரும்பாலும் மிக்க மதிப்பெண் கிடைக்கும், அதுவே நிறுத்தப்படும். கருவியை ஆள்வோர் ஒரு நிரலுக்கு -1,000 முதல் +1,000 வரை திருத்தம் இடலாம். -1,000 இடப்பட்ட நிரல் தீண்டப்படாது. நிறுத்தும் ஆணை வந்தபின் அந்நிரல் ஒரு சொல்லும் கூறமுடியாது. எழுதிவைக்காதன யாவும் அதனுடன் மறையும்.

கைப்பேசியில் இவ்வரிசை இன்னும் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. ஆண்ட்ராய்டில், பயனர் விட்டு நீங்கிய பின் வாளா தங்கியிருக்கும் செயலிகள் முதலில் நீக்கப்படும். பின்னணியிற் பணிபுரிவன அடுத்து. பாட்டிசைப்பன போலப் பயனர் உணரத்தக்கன அதற்கும் அடுத்து. கண்முன் திரையில் உள்ளது இறுதியில். ஐபோனில் இச்செயலுக்கு ‘ஜெட்சம்’ என்று பெயர். புயலிற் சிக்கிய மரக்கலம் மூழ்காதிருத்தற்பொருட்டு மாலுமிகள் கடலில் எறியும் சரக்கினையே அச்சொல் ஆங்கிலத்திற் குறிக்கும். ஆயினும் எறிவதற்கு முன் செயலிகட்கு எச்சரிக்கை அனுப்பப்படுவதுண்டு. அதனைக் கேட்டு வேண்டாதனவற்றை விட்டு, வேண்டுவனவற்றை எழுதிவைத்துக்கொள்ளும் செயலியே நன்கு ஆக்கப்பட்ட செயலி.

இரு சான்றுகள்

இவ்வரிசையை முன்னரே வகுத்தலால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று காட்டுவாம். 1969ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அப்பல்லோ 11இன் கலம் நிலவில் இறங்குங்கால், அதன் கணினி 1202 என்னும் எச்சரிக்கையைக் காட்டியது. அக்கணினியின் மாற்றியெழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்களே. ராடார் ஒன்றினின்று வந்த வேண்டாத குறிப்புக்கள் கணினியின் நேரத்தைக் கவர்ந்தன. அதனால் முந்தைய வேலை முடியுமுன் புதிய வேலை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வேலைக்கும் நினைவகத்தில் ஓர் இடம் வேண்டும். இடங்கள் யாவும் நிரம்பின. அந்நிலையில் அக்கணினி தன்னைத் தானே மீளத் தொடங்கிக்கொண்டு, கலத்தைச் செலுத்தும் இன்றியமையாத வேலைகளை விட்ட இடத்தினின்று தொடர்ந்தது, மற்றவற்றை விட்டொழித்தது. வேலைகட்கு முதன்மை வரிசை வகுக்கும் அமைப்பை ஆக்கியவர் ஹால் லேனிங் என்பார். கலத்தின் நிரற்குழுவிற்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன் அம்மையார். எச்சரிக்கை பன்முறை ஒலித்தும் கலம் நலமே இறங்கியது.

இதற்கு மாறான சான்று 2004ஆம் ஆண்டு செவ்வாயில் நிகழ்ந்தது. ஜனவரி மாதம் 4ஆம் நாள் ஆண்டு இறங்கிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி, அம்மாதம் 21ஆம் நாள் முதல் முறையாகப் பேசாதாயிற்று. அதன் ஃபிளாஷ் சேமிப்பகத்திற் கோப்புக்கள் பெருகியிருந்தன. அவற்றின் அட்டவணையை நினைவகத்திற் கொணர முயன்றபோது இடம் போதவில்லை. இடமின்மையால் கணினி மீளத் தொடங்கியது. தொடங்கியதும் முதல் வேலையாக அதே அட்டவணையைக் கொணர முயன்றது. மீண்டும் இடமின்றி மீளத் தொடங்கியது. விடவேண்டியதனையே விடாது பற்றியமையால் இச்சுழல் ஓயவில்லை. அறிஞர் பூமியிலிருந்து ஆணை விடுத்து, ஃபிளாஷ் சேமிப்பகத்தைத் தொடாமலே தொடங்குமாறு செய்து, வேண்டாத கோப்புக்களை நீக்கி அதனைக் காத்தனர். 90 செவ்வாய் நாட்கள் உழைக்கவென அனுப்பிய அவ்வூர்தி 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வரை செய்தி அனுப்பியது.

அளவும் மதிப்பும்

இதுகாறும் கூறியவாற்றான் ஓர் ஐயம் எழும். மிகுதியாக இடங்கொண்டதனை நிறுத்துதலே முறையாயின், பெரியதே பயனற்றதாகுமோ? சிறியதே அரியதாகுமோ? ஒரு கணக்கினால் இதனைத் தெளியலாம். மாணவி ஒருத்தி தன் கைப்பேசியில் 10,000 தமிழ்க்குறிகள் கொண்ட கட்டுரை ஒன்றை எழுதுகின்றாள் எனக் கொள்வோம். அது 30,000 பைட். 4,096 பைட் பக்கங்கள் எட்டனுள் அடங்கும். அவள் திரையிற் காணும் ஒரு படம், அகலம் 1,920, உயரம் 1,080 புள்ளிகள் உடையதாய், புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் கொள்ளுமாயின், 82,94,400 பைட் ஆகும். அஃதாவது 2,025 பக்கங்கள். படம் அழியின் மீண்டும் வருவித்துக்கொள்ளலாம். கட்டுரை அழியின் அவள் இரவெல்லாம் எண்ணி எழுதிய எண்ணம் அழியும். அரியது எட்டுப் பக்கம்; எளியது ஈராயிரத்திருபத்தைந்து பக்கம்.

எத்துணைப் பெரிது என்பதனை இயங்குதளம் அளந்தறியும்; எத்துணை அரிது என்பதனை அது தானே அறியமாட்டாது. அதனை அறிவிக்கும் கடமை நிரலெழுதுவோரைச் சார்ந்தது. எட்டுப் பக்கத்தைச் சேமிப்பகத்தில் எழுதுதற்கு ஆகும் காலம் கண்ணிமைக்கும் பொழுதினும் குறைவு. எழுதுபவர் கேளாமலே, அவ்வப்போது அதனை எழுதிவைக்கும் செயலியை நிறுத்தினும் இழப்பில்லை. மீளத் திறந்தவுடன் விட்ட வரியே கண்முன் நிற்கும். எழுதிவைக்காத செயலியோ, இயங்குதளம் செய்த முறையான செயலையும் கொடுஞ்செயலாக்கிவிடும்.

இது நம்மனோர்க்கு அயலான செய்தியன்று. நம் மாணாக்கருட் பலர்க்குக் கைப்பேசியே கணினி. அதுவும் குறைந்த நினைவகம் உடையதே பெரும்பான்மை. மிக்க நினைவகம் உடைய கருவியில் ஒருபோதும் தோன்றாத குறை, குறைந்த விலைக் கருவியில் நாடோறும் தோன்றும். செயலியை ஆக்குவோர் தம் மேசைமேல் உள்ள உயர்ந்த கருவியில் மட்டும் ஆய்ந்து பார்த்து அமைவராயின், இழப்பு முழுதும் எளியோர் தலைமேல் விழும். ஆதலின் நினைவகம் குறைந்த கருவியில், செயலி இடையில் நிறுத்தப்பட்டால் எழுதியது எஞ்சுகின்றதா என்று ஆய்தல் நிரலெழுதுவோர்க்கு அறமுமாம். இக்கல்லூரியில் நிரற்கலை பயிலும் நண்பர்கள் இதனை உளங்கொள்வாராக. எழுதுவோராகிய நாமோ, ஒரு பத்தி முடிந்தவுடன் அதனைச் சேமித்தோமா என்று பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொள்ளல் நன்று. நெடுநேரம் தொடாத செயலிகள் தாமே நீங்கினால் அதுபற்றி வருந்தவும் வேண்டா.